வேலையில்லாத கல்லும் எங்கள் தலைவரம்மாவும்

"தலைவரம்மா போய்ட்டாங்கடா" என்று ஜெரோமிடமிருந்து போனில் செய்தி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜெரோம் என் வகுப்பு. எங்கள் ஊர் மாதா கோயிலில் மணி அடிப்பவன். அதற்கு முந்தின வாரம்தான் "கணக்கு வாத்தியாருக்கு மாற்றல்" என்று ஒரு செய்தி அனுப்பி, வகுப்பு முழுக்க மிட்டாய் வாங்கித் தின்ற பிறகு "சும்மா" என்று இரண்டாவது செய்தி அனுப்பியவன். அதனால் நான் மூன்று சிரிக்கிற மூஞ்சிகளைப் போட்டு, "எங்க, சந்தைக்கா?" என்று பதில் அனுப்பினேன்.

அப்போது கோயில் மணி அடித்தது. ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. சாவுக்கு மட்டும் அடிக்கிற மணி அது. ஜெரோம் எதில் வேண்டுமானாலும் விளையாடுவான். மணியில் மட்டும் விளையாட மாட்டான். பாதரின் கைக்கும் அவன் காதுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. நான் வாயில் நுரையோடு நின்று, அந்த மூன்று மூஞ்சிகளையும் அவசர அவசரமாக அழித்தேன். அழித்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் பிலோமினா அம்மாவோடு என்னைவிட அதிக நாள் பழகியவர்கள். இரண்டு முறை நம் பேரூராட்சித் தலைவராக இருந்தவரைப் பற்றிப் பதினாறு வயதுப் பயல் என்ன எழுதிவிடப் போகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மலருக்குப் பொறுப்பாளர் தங்கவேல் மாமாவிடமே கேட்டேன். அவர் தலைவரம்மா காலத்தில் துணைத் தலைவராக இருந்தவர். ரிக் வண்டி வைத்துப் போர் போடுகிறவர். துளை போடுவது தொழில் என்பதால் பூமியையும் விடமாட்டார், நம் காதையும் விடமாட்டார்.

"அந்தம்மா போர்டெல்லாம் நீதானடா எழுதுன? நீயே எழுது சாமி. ஆனா சனங்களைச் சிரிக்க வெச்சறாத" என்றார்.

முன்பாதிக்கு ஒப்புக்கொண்டேன். பின்பாதிக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி வருகிறவர்களுக்கு நம் ஊரில் பழையதென்று காட்ட மூன்று இருக்கின்றன. சந்தைக்கு எதிரே கல்தூண் சத்திரம். அதற்குப் பின்னால் படிக்கிணறு. கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில் சுமைதாங்கிக் கல். மூன்றும் நின்றுகொண்டிருக்கின்றன என்றால் அதற்குக் காரணம் ஒரே ஆள். "முன்னாள் தலைவர்" ஆனபிறகு பொதுவாகப் பின்னால் யாரும் வர மாட்டார்கள். இவர் பின்னால் மட்டும் எப்போதும் ஒரு கூட்டம் போகும். பாதிப் பேர் மனு கொடுக்க, மீதிப் பேர் இவர் அடுத்து எதைக் காப்பாற்றப் போகிறாரோ என்ற பயத்தில்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது பேயால்.

படிக்கிணற்றில் கோழிக்கடைக்காரர்கள் இறகு மூட்டையைக் கொண்டுவந்து கொட்டுகிற வழக்கம் இருந்தது. அந்த வழியாகத்தான் அப்போது சைக்கிளில் பள்ளிக்குப் போவேன், மூக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஒரு கையால் ஓட்டி இரண்டு தடவை விழுந்தேன். கோபத்தில் ஒரு தகரத்தை எடுத்து, சிவப்புப் பெயிண்டில் எழுதிக் கிணற்று மேட்டில் நட்டு வைத்தேன்:

"இங்கே பேய்கள் வாடகைக்கு விடப்படும். அட்வான்ஸ் தேவையில்லை. குப்பை கொட்டுவோருக்கு ஒரு பேய் இலவசம், வீட்டுக்கே வந்து சேரும்."

அடுத்த நாள் ஊரே சிரித்தது. மூன்றாம் நாள் தலைவரம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். கதர்ப்புடவை, தோளில் அந்தக் காக்கித் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. வாட்ச்மேன் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"பேய்க்கடை மொதலாளி நீதானா சாமி?"

"ஆமாங்க."

"எழுத்து நல்லா இருக்குது. எறகு மூட்டை ஒண்ணுகூட வரலை பாரு. நான் ரெண்டு வருசமா நோட்டீசு ஒட்டுனேன், அந்த நோட்டீசையும் சேர்த்துக் கெணத்துலயே போட்டாங்க. இன்னும் ரெண்டு போர்டு எழுதிக் குடு. தகரம் என்னுது. வம்பு உன்னுது."

என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புக்கு ஆர்டர் கொடுத்த முதல் ஆள் அவர்தான். சத்திரத்துச் சுவருக்கு எழுதினேன்: "இங்கே போஸ்டர் ஒட்டுபவரின் மாமியாருக்கு இதே சத்திரத்தில் ஒரு மாதம் இலவசமாகத் தங்க இடம் தரப்படும். மருமகன் தினமும் சாப்பாடு கொண்டுவர வேண்டும்." அதன்பிறகு கல்யாணம் ஆகாதவர்கள் மட்டும்தான் போஸ்டர் ஒட்டினார்கள். அவர்களையும் தலைவரம்மா விடவில்லை. "பொண்ணு பாக்கறப்ப சொல்லறேன் இரு" என்றார். சுவர் சுத்தமாகிவிட்டது.

போர்டுதான் அவர் வழி என்று நினைத்துவிடாதீர்கள். போர்டு ஊறுகாய். சாப்பாடு வேறு.

சத்திரத்தை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்ட வேண்டும் என்று அவர் தலைவராக இருந்தபோது ஒரு திட்டம் வந்ததாம். நான் அப்போது கைக்குழந்தை, அதனால் எதிர்ப்புத் தெரிவிக்க முடியவில்லை. வேறு தலைவராக இருந்தால் சுற்றிக் கம்பி வேலி போட்டு, "பாதுகாக்கப்பட்ட இடம்" என்று எழுதி, பூட்டுப் போட்டுச் சாவியைத் தொலைத்திருப்பார். தலைவரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஒழுகிக்கொண்டிருந்த ரேசன் கடையை எடைத்தராசோடு தூக்கிச் சத்திரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்கு மேலிடத்து அனுமதி எல்லாம் அப்புறம் வந்தது. திங்கட்கிழமை அளவு நாடாவோடு வந்தவர்களிடம், "இடிக்கறதுன்னா இடிங்க சாமி. ஆனா அரிசி எங்க போடறதுன்னு வரிசைல நிக்கறவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுட்டு இடிங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம். வரிசையில் நின்றவர்கள் கையில் காலிப் பை இருந்தது, வாய் காலியாக இல்லை. அளவு நாடா சுருண்டுகொண்டது.

இன்றும் நாம் அந்தக் கல்தூண்களுக்கு நடுவே நிழலில் நின்றுதான் சர்க்கரை வாங்குகிறோம். தூணில் செதுக்கியிருக்கிற குதிரைக்காரனின் மூக்கு தேய்ந்து போனதற்குக் காரணம் காலம் அல்ல. வரிசையில் நிற்கிற குழந்தைகள் அதைப் பிடித்துத் திருகுவதுதான். தலைவரம்மாவிடம் ஒருமுறை அதைச் சொன்னேன். "திருகட்டும். தொடாத மூக்கு எதுக்கு ஆவுது?" என்றார்.

அவர் அடிக்கடி சொன்னது இதுதான், கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்: "காவலுக்கு ஆள் போட்டா அந்த ஆள் தூங்கிப் போவான். பழசுக்கு ஒரு வேலை குடுங்க. வேலையில இருக்கறதை ஊரு எடுக்க உடாது."

இறகு மூட்டை வருவது நின்றதும் கிணற்றுக்கும் அப்படித்தான் வேலை கொடுத்தார். தங்கவேல் மாமா அதன் பக்கத்திலேயே போர் போட்டுத் தருகிறேன், கிணற்றை மூடிவிட்டுப் பூங்கா வைக்கலாம் என்று சொன்னாராம். "தங்கவேலு, நீ கீழ போய்க்கிட்டே இரு, நான் மேல இருக்கறதைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தூர் வாரி, படிகளுக்குக் கம்பி வைத்து, விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஏற்பாடு செய்தார். இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு நானும் ஜெரோமும் அதில்தான் பழகினோம். ஜெரோம் கேனை அவிழ்த்துவிட்டு "முங்கறேன், முங்கறேன்" என்று கத்த, தங்கவேல் மாமா வேட்டியோடு குதிக்க, வேட்டி மட்டும் முதலில் மேலே வர, படியில் உட்கார்ந்திருந்த தலைவரம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். அவரை அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வைத்ததை இன்றும் எங்கள் சாதனைகளில் முதலிடத்தில் வைத்திருக்கிறோம். நீந்தத் தெரிந்த மகன்கள் இருக்கிற ஊரில் அந்தக் கிணற்றை மூட எந்தத் தாய் விடுவாள்?

ஆனால் மூன்றாவதில் அவர் தோற்றார். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சுமைதாங்கியை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் அரைகுறையாக நின்றுபோன வாசல் என்று நினைப்பார்கள். நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே படுக்கையாக ஒரு நீளக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம், கழுத்தைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்கலாம், பிறகு அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக வைத்த கல் அது. இறக்கி வைக்க முடியாமல் சுமையோடு போனவள் அவள். அவள் பேரில் மற்றவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று அந்த வீட்டார் வைத்தார்கள். அது எந்த வீடு என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

சிக்கல் என்னவென்றால் இன்று யாரும் தலையில் சுமப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கு டிராக்டரில் போகிறது, காய்கறி மொபெட்டில் போகிறது, நாங்கள் சுமக்கிற பாடங்களோ மண்டைக்கு உள்ளே இருப்பதால் கல்லில் இறக்க வழியில்லை. ஊரில் வேலையில்லாமல் நின்ற பட்டதாரி அந்தக் கல் ஒன்றுதான்.

தலைவரம்மா விடாமல் வேலை தேடினார். டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லி "சுமைதாங்கி ஸ்டாப்" என்று கூவ வைத்தார். பெயர் நின்றது, ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எதிரே வேப்பமர நிழலில் நின்றார்கள். கோடையில் மேலே தண்ணீர்ப் பானை வைத்தார். மாடுகள் மனிதர்களுக்கு முந்திக்கொண்டன. தினசரிப் பேப்பர் வைத்தார். தலையங்கம் முதல் ராசிபலன் வரை ஆடுகள் மேய்ந்தன. நான் என் பங்குக்கு "இங்கே செல்பி எடுத்தால் முகம் களையாக விழும்" என்று எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"பொய் சொல்லி வேலை வாங்கித் தரக்கூடாது சாமி. அதுக்குன்னு ஒரு வேலை வரும். வரும்போது எழுது." சொல்லிவிட்டு ஒரு தகரத்தை வெள்ளை பூசி என்னிடம் கொடுத்து வைத்தார். ஒரு வருடத்துக்கும் மேலாக அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எவ்வளவோ யோசித்தேன். எனக்கு எதையாவது பார்த்தால் கிண்டல் தானாக வரும். அந்தக் கல்லைப் பார்த்தால் மட்டும் வரவில்லை.

தினமும் காலைப் பூசைக்குப் போய்விட்டு வரும்போது அவர் அந்தக் கல் அருகே நிற்பார். தோளில் இருக்கிற காக்கிப் பையை எடுத்து அதன்மேல் வைப்பார். பையில் ஜெபமாலையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் தவிர ஒன்றும் இருக்காது. ஒரு நிமிடம் நின்று, மறுபடி மாட்டிக்கொண்டு, கல்லை ஒரு தட்டுத் தட்டி, "இன்னைக்கு ஒரு வேலை ஆச்சு" என்பார். கல்லிடம் பேசுகிறாரே என்று ஜெரோம் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியாக அவரோடு பேசியபோது சொன்னார்: "எல்லாத்துக்கும் வேலை வாங்கிக் குடுத்துட்டேன். இந்தக் கல்லுக்கு மட்டும் என்னால முடியலை. எனக்கப்புறம் ரோட்டை அகலம் பண்றேன்னு மொதல்ல இதைத்தான் புடுங்குவாங்க."

அவர் கணக்கில் ஒரு சின்னப் பிசகு. அவருக்கு அப்புறம்கூட இல்லை. அவரை எடுப்பதற்கு முன்பே புடுங்க வந்துவிட்டார்கள். அதுவும் அவருக்காகவே!

அவர் இறந்த அன்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியை ஏற்றிப்போக தங்கவேல் மாமா சேலத்திலிருந்து ஒரு ரதம் வரவழைத்திருந்தார். சாதாரண ரதமில்லை. முன்னால் இரண்டு பிளாஸ்டிக் மயில், மேலே கோபுரம், சுற்றி நீல விளக்கு. ஒரு லாரியின் மேல் கல்யாண மண்டபத்தைத் தூக்கி வைத்தது போல இருந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் வெறும் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். சத்திரம் தாண்டியது, சந்தை தாண்டியது, கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற முக்கில் வந்து நின்றது. முன்னால் போனால் வேப்பமரம், பின்னால் வந்தால் சுமைதாங்கி. டிரைவர் ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஒரு மயிலின் கழுத்து மட்டும் வேப்பங்கிளையில் மாட்டிக்கொண்டு உடைந்து தொங்கியது.

தங்கவேல் மாமா யோசிக்கவே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஜேசிபியைப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார்.

ஜெரோம் ஓடி வந்து என்னிடம் சொன்னான். இந்த முறை நான் சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஓடினோம். ஜேசிபி வந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. நாங்கள் எகிறிக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். அதுவரைக்கும்தான் எங்களிடம் திட்டம் இருந்தது.

"என்றா பண்றீங்க? எறங்குங்கடா அக்கட்டால!" தங்கவேல் மாமாவுக்குக் கண் சிவந்திருந்தது. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த கண்.

"தலைவரம்மாகிட்டக் கேட்டுட்டு எறங்கறோம் மாமா" என்றேன்.

"வெளையாட்டாடா இது? வண்டி திரும்போணுமா, வேண்டாமா? இப்ப எடுத்து ஓரமா வெச்சுட்டு, நாளைக்கே திரும்ப நட்டு, கிரானைட்டு ஒட்டி, மேல அம்மா படத்தைப் பதிச்சு, இப்ப இருக்கறதைக் காட்டிலும் ஜம்முனு பண்ணிப் போடலாம்!"

"பல்லைப் புடுங்கிட்டுத் திரும்ப நட்டா மெல்லுமுங்களா மாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவுக்கு இன்னும் கோபம் ஏறியது. ஜேசிபி ஓட்டிய ஓமலூர் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, கல்லை அள்ளறதா, பசங்களை அள்ளறதா? ஒண்ணு சொல்லுங்க, டீசல் எரியுது" என்றார். ஜெரோம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எனக்கு அப்போது உள்ளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? நூறு கூட்டத்தில் பேசி, ரேசன் கடையைத் தூக்கி வைத்து, கிணற்றில் பிள்ளைகளை இறக்கி ஊரைக் காத்த ஒரு மனுசிக்கு, அவர் சாவை வைத்தே அவர் கல்லைப் புடுங்குகிறார்கள். அதைச் செய்கிறவர் அவரை யாரைவிடவும் அதிகமாக நேசித்தவர். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அப்போது தலைவரம்மாவின் தம்பி சூசை வந்தார். ஆத்தூரில் அரிசி மில் வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். ரதத்தையும் உடைந்த மயிலையும் எங்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"அக்கா எப்பயாச்சும் வண்டில போயி பார்த்திருக்கீங்களா தங்கவேலு? இந்த ரோடெல்லாம் நடந்தே தேய்ச்ச ஆளு. இன்னிக்கு மட்டும் எதுக்கு வண்டி?"

"சேலத்துலயே இதாங்க பெரிய ரதம்." மாமா மயிலின் கழுத்தை நிமிர்த்தப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு நான் பெருசா ஒண்ணுமே செஞ்சதில்லீங்க. அவங்க சொன்னதுக்கெல்லாம் எதிர்த்துத்தான் பேசியிருக்கறேன். இதையாச்சும்..."

"உங்க தோளைவிடப் பெரிய ரதம் சேலத்துல கெடையாது. அதைக் குடுங்க, போதும்."

தங்கவேல் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜேசிபியைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த வேகத்தில் ரதத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியை வைக்கிற இரும்பு ஸ்டாண்டும் அதிலேயே இருந்தது. அது சேலத்துக்கே போய்விட்டது என்பது யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. எங்களைப் பார்த்து, "எறங்குங்கடா. நீங்களும் வந்து தூக்குங்க. வாய் மட்டும் இருந்தாப் போதாது" என்றார்.

சாயங்காலம் கோயிலிலிருந்து எடுத்தோம். முன்னால் பாதர், சிலுவை, பாட்டு. பெட்டிக்கு முன்பக்கம் தங்கவேல் மாமாவும் சூசை அய்யாவும், நடுவில் ரேசன் கடைப் பணியாளரும் டவுன் பஸ் கண்டக்டரும், பின்னால் நானும் ஜெரோமும். மாமா ஆறடி, நாங்கள் அதற்குப் பல அங்குலம் குறைவு. அதனால் தலைவரம்மா எங்கள் பக்கமே சரிந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் சனம். வரிசை எப்போதும் நிற்கிற சத்திரத்தில் அன்றைக்கும் வரிசை நின்றது, பையில்லாமல். கிணற்று மேட்டில் நின்ற சின்னப் பிள்ளைகள் நீச்சல் கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் சொல்லிக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சந்தையைத் தாண்டினால் ஏற்றம். தேக்குப் பெட்டி. என் தோள் எரிந்தது. மாமாவுக்கு முட்டிவலி என்பது ஊருக்கே தெரியும், அவர் ஆள் மாற ஒப்பவே இல்லை. முக்கு வந்தபோது அவர் கால் தள்ளாட, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பாட்டு பாதியில் நின்றது.

"எறக்கோணும்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரு நிமிசம்... எங்கயாச்சும் எறக்கோணும்."

ஸ்டாண்டைத் தேடினார்கள். ஸ்டாண்டு மயிலோடு போய்விட்டது. தார் ரோட்டில் எப்படி வைப்பது? பாதர் சுற்றிலும் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக நானும் சொல்லவில்லை. ஆறு பேருடைய கால்களும் ஒரே நேரத்தில் ஓரமாகத் திரும்பின, அவ்வளவுதான். குனியவே வேண்டியிருக்கவில்லை. தோளிலிருந்து அப்படியே நேராக நகர்த்தினோம். பெட்டி கல்லின்மேல் போய் உட்கார்ந்தது. நீளத்துக்கு நீளம் சரியாக! இரண்டு பக்கமும் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டோம். கையில் பாரமே இல்லை. எல்லாவற்றையும் கல் வாங்கிக்கொண்டது.

எனக்குள் என்னவோ எகிறிக் குதித்தது. இழவு ஊர்வலத்தில் கைதட்டினால் உதைப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெரோமைப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் காதுவரை கிழிந்திருக்கிறது. "டேய், வேலை கெடைச்சிருச்சுடா" என்று மூச்சுக்குள் சொன்னான். மதியம் அதே கல்லைப் புடுங்க வந்த தங்கவேல் மாமா அதன் கால்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் வைத்து, குழந்தை மாதிரி அழுதார். பிறகு எழுந்து, கையால் அதை ஒரு தட்டுத் தட்டினார். தலைவரம்மா தட்டுவது போலவே. மாமா அதையெல்லாம் கவனித்திருக்கிறார்!

ஒரு பாட்டு முழுதாகப் பாடி முடிக்கும்வரை தலைவரம்மா அங்கே இளைப்பாறினார். பிறகு தூக்கினோம். அதற்கப்புறம் பெட்டி கனக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கனத்தது. ஆனால் மூச்சு வந்திருந்தது.

அடுத்த வாரம் வடக்குத் தெருவில் ஒரு கவுண்டர் வீட்டில் பெரியவர் தவறிப்போனார். அவர்கள் சுடுகாட்டுக்கும் அதே முக்குதான் வழி. பாடை எடுத்து வந்தவர்கள் யாரும் சொல்லாமலே அந்தக் கல்லருகே நின்று, இறக்கி வைத்து, ஆள் மாறித் தூக்கிக்கொண்டு போனார்கள். மாதா கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் சேர்த்து அந்தக் கல் இப்போது வேலை பார்க்கிறது. ரோடு போட வந்த ஆட்கள் அளவெடுத்தபோது தங்கவேல் மாமா அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வேப்பமரத்தையும் கல்லையும் தொடாமல் சுண்ணாம்புக் கோடு போட வைத்தார். இரண்டு மணி நேரம் பேசினாராம். போர் போடுகிற ஆளிடம் மாட்டியவர்கள் கோட்டை மாற்றாமல் தப்பிக்க முடியுமா?

இந்த மலரில் எல்லோரும் தலைவரம்மா தங்களுக்கு விட்டுப்போனதைச் சொல்லியிருப்பீர்கள். என்னிடம் இருப்பது வெள்ளை பூசிய தகரம் ஒன்று. "வேலை வரும்போது எழுது" என்று சொல்லிக் கொடுத்தது. வேலை வந்துவிட்டது. அடக்கம் முடிந்த ராத்திரியே பெயிண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அந்தக் கல் எதற்கென்று இப்போது நம் ஊரில் தெரியாதவர்கள் யாருமில்லை. தெரிந்ததற்கு எதற்குப் போர்டு? வாய்க்கொழுப்பு அதிகம் என்று பேர் வாங்கிய எனக்கு அவர் கொடுத்ததில், எழுதாமல் வைத்திருக்கிற இந்த வெள்ளைத் தகரம்தான் உசத்தி. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். என் அம்மா கேட்டதற்கு, எழுத ஒன்றும் இல்லாததால் மாட்டினேன் என்றேன். முறைத்தார்.

காலையில் பள்ளி பஸ்ஸுக்கு இப்போது நான் வேப்பமரத்தடியில் நிற்பதில்லை. எதிர்ப்பக்கம் போய், முதுகிலிருந்து பையை இறக்கிக் கல்லின்மேல் வைக்கிறேன். ஜெரோமும் அவன் பையை வைக்கிறான். பஸ் வந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு, கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுகிறோம்.

இன்றைக்கு ஒரு வேலை ஆச்சு, தலைவரம்மா.